தேர் அன்று யார் சொல்வது யாருக்குக் கேட்கும்? காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஒயர்லெஸ் பற்றி ஒரு கேள்வி

#1 ஏணிப்படி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தீயணைப்புத் துறையில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நிலைய அலுவலராக இருந்தபோது நடந்த ஒன்று இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. அதைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

டெல்டா பக்கம் ஓர் ஊர். தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, சாயங்காலம் ஆறரை மணிக்கு, கடைத்தெருவில் ஒரு துணிக்கடை மாடியில் தீ. தெருவின் கிழக்கு முனையில் எங்கள் வண்டி. மேற்கு முனையில் போலீஸ் கயிறு கட்டிக் கூட்டத்தை நிறுத்தியிருந்தார்கள். நடுவில் இருநூறு மீட்டர். எங்கள் வண்டியில் தண்ணீர் தீரப் போகிறது. பக்கத்து ஊரிலிருந்து வந்த இரண்டாவது வண்டி மேற்கு முனையில் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறது. என் கையில் எங்கள் துறை செட், இன்ஸ்பெக்டர் தோளில் அவர்கள் துறை செட். நான் பேசுவது அவருக்குக் கேட்காது, அவர் பேசுவது எனக்குக் கேட்காது. எங்கள் கன்ட்ரோலுக்குச் சொன்னேன். அவர்கள் போலீஸ் கன்ட்ரோலுக்குப் போன் போட வேண்டும், அங்கிருந்து மைக்கில் ஸ்டேஷனுக்கு வர வேண்டும், ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரைப் பிடிக்க வேண்டும். போன் லைன் கிடைக்கவில்லை.

கடைசியில் ஒரு பையனை ஹெல்மெட்டும் பூட்ஸுமாக ஓட விட்டேன். "ரெண்டாவது வண்டிக்கு வழி விடச் சொல்லு." அந்த ஒரு வரி போய்ச் சேர்ந்து வண்டி நகர ஏழு நிமிடம். அதற்குள் தீ பக்கத்துக் கடைக்குத் தாவிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பக்கத்துக் கடைக்காரர் மறுநாள் காலை கரிக்குவியல் முன்னால் நின்ற கோலம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

2001 செப்டம்பர் 11 பற்றி அமெரிக்க விசாரணை ஆணையம் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தக் கடைத்தெருதான் ஞாபகம் வந்தது. காலை 9:59க்கு, விமானங்கள் மோதிய நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரம் விழுகிறது. வடக்குக் கோபுரம் விழுந்தது 10:28க்கு. நடுவில் 29 நிமிடம். மேலே பறந்த காவல்துறை ஹெலிகாப்டரிலிருந்து வடக்குக் கோபுரம் அதிக நேரம் நிற்காது என்று ஒயர்லெஸ்ஸில் சொல்கிறார்கள். அது காவல்துறை அலைவரிசை. கோபுரத்துக்குள் படியேறிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்களுக்கு அது கேட்க வழியே இல்லை. ஹெலிகாப்டரில் தீயணைப்புத் துறை ஆள் ஒருவரும் இல்லை. உள்ளே இருந்த பலருக்குப் பக்கத்துக் கோபுரம் விழுந்ததே தெரியாது. அன்று நியூயார்க் தீயணைப்புத் துறை இழந்தது 343 பேரை.

இப்போது கேள்வி. எங்கள் ஊர்த் தேருக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு யோசனை சொல்லும்படி ஊரில் என்னைக் கேட்டிருக்கிறார்கள். பணம் பெரிதாகக் கிடையாது. மூன்று துறையும் அன்று ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்க என்ன செய்யலாம்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


#2 டவர்மேன் எழுதியது:

ஐயா, வணக்கம். நான் மொபைல் நெட்வொர்க் துறையில் இருக்கிறேன். என்னைக் கேட்டால் இதற்குத் தீர்வு ஒன்றுதான்: எல்லாத் துறைக்கும் ஒரே நெட்வொர்க். ஆளுக்கொரு அலைவரிசை, ஆளுக்கொரு கம்பெனி செட் என்று இருக்கும்வரை இது தீராது.

அமெரிக்காவில் நீங்கள் சொன்ன ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகு 2012இல் சட்டம் போட்டு ஃபர்ஸ்ட்நெட் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். 700 மெகாஹெர்ட்ஸில் பேண்ட் 14 முழுவதையும் அவசர சேவைக்கென்றே ஒதுக்கினார்கள். சாதாரண மக்கள் போனால் டவர் நெரிந்தாலும் தீயணைப்பு வீரரின் அழைப்புக்கு முன்னுரிமை உண்டு; தேவைப்பட்டால் மற்ற அழைப்பைத் துண்டித்துவிட்டு இவருக்கு இடம் கொடுக்கும். தென்கொரியாவில் 2014இல் செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள். அதன் பிறகு நாடு முழுக்க ஒரே எல்.டி.இ. (4ஜி) பேரிடர் வலை என்று முடிவெடுத்து 2021இல் முடித்தார்கள்.

ஒரே கருவி, ஒரே வலை, தேவைப்படும்போது விரல் வைத்தால் எல்லோரும் ஒரே குழு. தொழில்நுட்பம் தயாராக இருக்கிறது. பணமும் மனமும்தான் வேண்டும்.


#3 மைக்_காது எழுதியது:

தம்பி டவர்மேன், கொஞ்சம் பொறுங்கள். நான் காவல்துறையில் ஒயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவள். இருபத்திரண்டு வருடம் காதில் ஹெட்போன்.

எல்லோரையும் ஒரே சானலில் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சாதாரண செட்டில் ஒருவர் பட்டனை அழுத்திப் பேசும்போது இன்னொருவர் அழுத்தினால் இரண்டும் கெடும். வெறும் கீச்சென்ற சத்தம் வரும், இல்லாவிட்டால் பாதி வார்த்தை வரும். ஒரு கலவர இரவில் நாற்பது செட் ஒரே சானலில். "கன்ட்ரோல், கன்ட்ரோல்" என்று கூப்பிடுவது மட்டும்தான் கேட்கும், விஷயம் கேட்காது. உதவி வேண்டும் என்று ஒரு கான்ஸ்டபிள் மூன்று தடவை கூப்பிட்டு நான்காவது தடவைதான் என் காதில் விழுந்தது. அவருக்குத் தலையில் அடிபட்டிருந்தது. அந்த முதல் மூன்று தடவையை நினைத்து நான் பல நாள் தூங்கியதில்லை.

ஆகவே தனித்தனி சானல் இருப்பது தப்பே இல்லை. தீயணைப்பு வீரருக்குப் போலீஸ் வண்டி எந்தச் சந்தில் திரும்புகிறது என்பது தேவையில்லை. அவருக்குத் தேவை ஒரு நாளில் நான்கைந்து வரி. "கட்டடம் நிற்காது, வெளியே வா" என்பது போல. அந்த நான்கைந்து வரியை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும்.

ஐயா எழுதிய நியூயார்க் கதையில் இன்னொரு விஷயமும் இருக்கிறதே. 1993 குண்டுவெடிப்பில் ஒயர்லெஸ் எடுபடவில்லை என்றுதான் அந்தக் கட்டடத்துக்கு ரிப்பீட்டர் (ஒயர்லெஸ் சிக்னலை வாங்கிப் பலப்படுத்தித் திருப்பி அனுப்பும் கருவி) வைத்தார்கள். 2001இல் அதை இயக்க இரண்டு பட்டன். முதல் பட்டனை அழுத்தியாயிற்று. மேசைமேல் இருந்த கைக்கருவிக்கான இரண்டாவது பட்டன் அழுத்தப்படவில்லை. வடக்குக் கோபுரத்து அதிகாரிகள் அதில் பேசிப் பார்த்தார்கள், எடுக்கவில்லை, ரிப்பீட்டர் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி வேறு சானலுக்குப் போய்விட்டார்கள். ஆனால் ரிப்பீட்டர் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. தெற்குக் கோபுரத்தில் அதே ரிப்பீட்டரை வைத்துக்கொண்டு ஓரியோ பாமர் என்ற அதிகாரி 78ஆவது மாடி வரை ஏறிப்போய் அங்கிருந்து பேசியிருக்கிறார். கருவி இருந்தது, காசு செலவழித்து வைத்திருந்தார்கள். ஒரு பட்டன்.


#4 மழைநகரம் எழுதியது:

அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் இங்கிலாந்தில், மான்செஸ்டர் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். டவர்மேன் சொல்லும் "ஒரே நெட்வொர்க்" இங்கே ஏற்கெனவே இருந்தது. காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றும் ஏர்வேவ் என்ற ஒரே டெட்ரா (அவசர சேவைகளுக்கான டிஜிட்டல் ஒயர்லெஸ்) வலையில்தான் பேசுகின்றன. மூன்றும் சேர்ந்து பேசத் தனிக் குழுக்களும் உண்டு.

2017 மே 22 இரவு 10:31க்கு மான்செஸ்டர் அரீனா என்ற நிகழ்ச்சி அரங்கத்தில் குண்டு வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் சாண்டர்ஸ் நடத்திய விசாரணையின் அறிக்கையை நான் வரி வரியாகப் படித்தேன். படித்துவிட்டு அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தீயணைப்பு வண்டி சம்பவ இடத்துக்கு வந்தது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. மிக அருகில் இருந்த தீயணைப்பு நிலையத்தில் இருந்தவர்களுக்கு வெடிச் சத்தமே கேட்டிருக்கிறது. ஆனால் அவர்களைச் சம்பவ இடத்துக்கு அனுப்பாமல், தள்ளி இருந்த வேறொரு நிலையத்தில் போய்க் கூடச் சொன்னார்கள். துப்பாக்கியோடு ஆள் இருக்கலாம் என்ற பயம். காவல்துறையில் அந்த இரவு எல்லா அழைப்பும் ஒரே ஒரு பொறுப்பு அதிகாரியின் தலையில் விழுந்தது. துப்பாக்கித் தாக்குதலுக்கான திட்டத்தை அவர் அறிவித்தார். அறிவித்ததை மற்ற இரண்டு துறைக்கும் சொல்லவில்லை. தீயணைப்புத் துறையினர் அவருக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள், கிடைக்கவில்லை. மூன்று துறைக்குமான அந்தப் பொதுக் குழுவை அன்று யாரும் முறையாகப் பயன்படுத்தவில்லை.

குண்டு வெடித்த கூடத்துக்குள் காயம்பட்டவர்களை வெளியேற்றி முடிக்கும்வரை போன பாராமெடிக்குகள் மூன்றே பேர். ஸ்ட்ரெச்சர் இல்லாமல் விளம்பரப் பலகையிலும் தடுப்புக் கம்பியிலும் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்குவதற்கான ஆளும் கருவியும் பயிற்சியும் தீயணைப்பு வண்டியில் இருந்தன. அந்த வண்டி வேறொரு நிலையத்து வாசலில் நின்றது. இறந்தவர்களில் ஒருவர், சிகிச்சை சரியாக நடந்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பார் என்று நீதிபதி எழுதியிருக்கிறார்.

எல்லோர் கையிலும் ஒரே செட் இருந்த ஊரில் நடந்தது இது.


#5 டவர்மேன் எழுதியது:

மழைநகரம், இவ்வளவு விவரம் எனக்குத் தெரியாது. நன்றி. ஆனால் கருவியே வேண்டாம் என்று முடிவுக்குப் போய்விடக்கூடாது. 2005 ஜூலை 7 லண்டன் சுரங்க ரயிலில் குண்டுகள் வெடித்தபோது என்ன ஆனது? ரயில்வே போலீசைத் தவிர மற்றவர்களின் ரேடியோ சுரங்கத்துக்குள் எடுக்கவில்லை. கீழே பார்த்ததை மேலே சொல்ல ஆள் ஓட வேண்டியிருந்தது. 1987இல் கிங்ஸ் கிராஸ் தீவிபத்து நடந்தபோதே சுரங்கத்துக்குள் ரேடியோ எடுப்பதில்லை என்ற குறை வெளியே வந்துவிட்டது. அப்புறம் 18 வருடம். கருவி இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல மனம் இருந்தும் பயனில்லை.


#6 குமரி_வள்ளம் எழுதியது:

நான் கடல்காரன். படித்தது குறைவு. ஒன்று சொல்லலாமா?

எங்களுக்குக் கடலில் 16ஆம் சானல் இருக்கிறது. 156.8 மெகாஹெர்ட்ஸ். விசைப்படகு, கப்பல், கோஸ்ட் கார்டு, நேவி, வெளிநாட்டுக் கப்பல், யாராக இருந்தாலும் ஆபத்து என்றால் 16. உலகம் முழுக்க அதேதான். வலை விலை, மீன் விலை, வீட்டு விஷயம் எல்லாம் வேறு சானலில் பேசுவோம். 16இல் கூப்பிடுவோம், எதிராளி பதில் சொன்னதும் "வா, இன்ன நம்பருக்கு" என்று சொல்லி அங்கே போய்ப் பேசுவோம். 16 மறுபடி காலி. யார் அங்கே வம்பு பேசினாலும் பக்கத்துப் படகுக்காரனே திட்டுவான்.

இது இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் ஆட்கள் ஆழ்கடலில் கிடந்தார்கள். வி.எச்.எஃப். செட்டுக்கு ஏறக்குறைய கண்ணுக்கெட்டும் தூரம்தான் கணக்கு. கரையில் நின்று எவ்வளவு கத்தினாலும் அங்கே போகாது. ஒரு படகு கேட்டதை அடுத்த படகுக்குச் சொல்லி, அது அதற்கடுத்த படகுக்குச் சொல்லி, அப்படிப் போன செய்தியால் பிழைத்து வந்தவர்கள் உண்டு. போகாத இடத்தில் இருந்தவர்கள் வரவில்லை. என் மச்சான் வரவில்லை.

ஆனாலும் கேட்கிறேன். கடலில் முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு எங்கே கூப்பிட வேண்டும் என்று தெரிகிறது. கரையில் ஒரே தெருவில் நிற்கிற போலீசுக்கும் ஃபயருக்கும் ஏன் அப்படி ஒரு நம்பர் இல்லை?


#7 குட்டி_ஆன்டெனா எழுதியது:

அண்ணே, உங்கள் மச்சானை நினைத்து மனம் கனக்கிறது.

நான் சென்னையில் ஹாம் ரேடியோ (அரசு லைசென்ஸோடு பொழுதுபோக்காக நடத்தும் ஒயர்லெஸ்) வைத்திருப்பவன், லைசென்ஸ் எடுத்து பதினாறு வருடம். உங்கள் கேள்விக்கு என்னால் முடிந்த பதில்.

கடலில் அது நடந்ததற்குக் காரணம், எல்லாக் கப்பலும் ஒரே வி.எச்.எஃப். பேண்டில் இருக்கின்றன, எல்லா செட்டிலும் 16 முன்கூட்டியே இருக்கிறது, அதைக் கேட்டுக்கொண்டிருப்பது கடமை என்று சர்வதேச விதி. இந்த மூன்றும் சேர வேண்டும். தரையில் ஒரு துறை வி.எச்.எஃப்.பில் இருக்கும், இன்னொன்று அதைவிட உயர்ந்த அலைவரிசையான யு.எச்.எஃப்.பில். வெட்டவெளிக்கு முன்னது நல்லது, கட்டடத்துக்குள் பின்னது மேல், ஆகவே அவரவர் தேவைக்கு வாங்கியிருப்பார்கள். ஒருவர் அனலாக், ஒருவர் டிஜிட்டல். ஒருவருடையது மறையாக்கம் செய்யப்பட்டது. வாங்கிய வருடமும் கம்பெனியும் வேறு வேறு.

அமெரிக்காவில் 16 மாதிரி ஒன்றைத் தரையிலும் வைத்திருக்கிறார்கள். வி-கால்-10 என்று ஒரு அழைப்புச் சானல், 155.7525 மெகாஹெர்ட்ஸ். கூப்பிட்ட பிறகு போய்ப் பேச வி-டாக் சானல்கள். நாடு முழுக்க ஒரே பெயர், ஒரே எண். அண்ணன் சொன்ன அதே முறைதான். ஆனால் செட்டில் அதை ஏற்றியிருக்க வேண்டும், ஏற்றியது எந்தக் குமிழில் இருக்கிறது என்று கையில் வைத்திருப்பவருக்குத் தெரிய வேண்டும், மறுமுனையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டு வேறு செட்டை நடுவில் ஒரு பெட்டி வைத்து இணைக்கலாம், பேட்ச் என்போம். இங்கே வருகிற குரல் அங்கே போகும். நல்ல வசதிதான். ஆனால் அக்கா சொன்ன நெரிசலும் அதோடு சேர்ந்து அங்கே போகும். சும்மா போட்டுவிட்டு விடக்கூடாது, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அப்புறம் 2004 சுனாமி. அந்த டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் அம்மையார் தம் குழுவோடு அந்தமானில் இருந்தார். ரொம்ப வருடம் கழித்து அங்கிருந்து ஹாம் ஒலிபரப்புக்கு அனுமதி வாங்கி, உலகம் முழுக்க உள்ள ஹாம்களோடு பேசுவதற்காகப் போனவர். அலை வந்து போர்ட் பிளேரில் தொலைபேசி எல்லாம் படுத்துவிட்டது. அவர்தான் வி.யு.4.ஆர்.பி.ஐ. என்ற தம் அழைப்புக்குறியில் உட்கார்ந்து தீவுக்கும் நிலத்துக்கும் இடையே செய்தி கடத்தினார். இன்னார் உயிரோடு இருக்கிறார், இன்ன தீவில் இன்னது வேண்டும் என்று. அவர் எந்தத் துறையும் இல்லை, எல்லாத் துறைக்கும் அவர் சொன்னது தேவைப்பட்டது. நான் பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்ததே அந்தச் செய்தியைப் படித்துத்தான்.


#8 வடதுருவ_வாசி எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, முப்பது வருடமாக ஒஸ்லோவில் இருக்கிறேன். இங்கே அம்புலன்ஸ் சேவையில் வேலை. நோர்வே அனுபவத்தையும் சொல்ல வேணும் என்று நினைக்கிறேன்.

2011 ஜூலை 22. முதலில் ஒஸ்லோவில் அரசாங்கக் கட்டடத்தில் குண்டு, பிறகு உத்தேயா தீவில் பிள்ளைகளின் முகாமில் துப்பாக்கிச் சூடு. மொத்தம் 77 பேர், தீவில் மட்டும் 69. அந்த நேரம் நொட்நெட் என்ற புதிய டிஜிட்டல் வலையமைப்பு ஒஸ்லோவிலும் அதைச் சுற்றியும்தான் போடப்பட்டிருந்தது. தீவு இருந்த பொலிஸ் மாவட்டத்தில் இன்னும் பழைய அனலாக். ஒஸ்லோவிலிருந்து போன சிறப்புப் படை தங்கள் டிஜிட்டல் கருவியோடு போகிறது, உள்ளூர் பொலிஸ் பழைய கருவியோடு நிற்கிறது. நேரடியாகக் கதைக்க வழி இல்லை. உள்ளூர் கட்டுப்பாட்டு அறையில் கடமையில் இருந்தது ஒரே ஒரு ஆள். மான்செஸ்டரைப் பற்றி வாசித்தபோது எனக்கு அதுதான் திடுக்கிட்டது. அங்கேயும் ஒரே ஆள்.

தீவு கரையிலிருந்து 600 மீற்றர்தான் இருக்கும். படகுத்துறையில் உள்ளூர் பொலிஸ் நின்றார்கள். சிறப்புப் படை வந்து நின்றது அங்கிருந்து மூன்று கிலோமீற்றருக்கு மேல் தள்ளி, ஒரு கோல்ஃப் மைதானத்துப் பக்கம். எங்கே சந்திப்பது என்று சொன்னதில் வந்த குழப்பம். அந்த நிமிடங்களில் தீவில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் அந்த முகாமில் இருந்தார்கள். இங்கே உள்ள தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பின்னேரத்தை எப்படிக் கழித்தன என்று என்னால் எழுத முடியாது.

2015 முடிவில் நொட்நெட் நாடு முழுக்க வந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு இடத்திலும் பாப்ஸ் என்று ஒரு பேச்சுக்குழு இருக்கிறது. நோர்வேஜிய மொழியில் தீயணைப்பு, அம்புலன்ஸ், பொலிஸ், கூட்டு வேலை என்ற நான்கு சொற்களின் முதலெழுத்து. பெரிய விபத்து என்றால் மூன்று கட்டுப்பாட்டு அறையும் எந்த பாப்ஸ் என்று எங்களுக்குச் சொல்லிவிடும். நான் வண்டியில் ஏறும்போதே குமிழைத் திருப்பிவிடுவேன். பேரழிவுக்காக மட்டும் வைத்திருப்பது இல்லை. சாதாரண வீதி விபத்துக்கும் அதே பாப்ஸ்தான். கார் நசுங்கி ஒருவர் உள்ளே அகப்பட்டால், பாதையில் இருக்கும்போதே தீயணைப்புக்காரர் "கதவை வெட்டுகிறோம், ஐந்து நிமிடம்" என்று சொல்வது எனக்குக் கேட்கும். நான் அதற்கேற்ப மருந்தை எடுத்து வைப்பேன். கிழமைக்கு இரண்டு மூன்று தரம் பாவிக்கிறபடியால் கை பழகிவிட்டது.


#9 டவர்மேன் எழுதியது:

அக்கா (தம்பியாக இருந்தால் மன்னிக்கவும்), "கை பழகிவிட்டது" என்று நீங்கள் எழுதியது எனக்கு உறைத்தது. நான் கொரியாவை உதாரணம் காட்டினேன் அல்லவா? மேலே படித்துப் பார்த்தேன். 2022 அக்டோபரில் சியோலின் இதேவோன் பகுதியில் கூட்ட நெரிசலில் 159 பேர் இறந்தார்கள். அந்தப் பேரிடர் வலை அப்போது முழுசாக இயங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த இரவில் துறைகள் தங்களுக்குள்ளேதான் அதில் பேசினார்கள். ஒரு துறைக்கும் இன்னொரு துறைக்கும் இடையே அதைச் சரியாகப் பயன்படுத்தவில்லை. வலையில் கோளாறு இல்லை, பயிற்சி போதவில்லை என்று அரசுத் தரப்பிலேயே சொன்னார்கள்.

என் முதல் பதிவில் "பணமும் மனமும்" என்று எழுதினேன். பழக்கம் என்பதை விட்டுவிட்டேன். நல்ல வலை வேண்டும் என்பதில் இன்னும் மாற்றமில்லை, ஆனால் ஐயாவின் தேருக்கு ஒரு மாதத்தில் வலை வராது.


#10 சைரன்_பைலட் எழுதியது:

நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். எங்கள் வண்டியில் நான் பைலட், பின்னால் முதலுதவி செய்யும் இ.எம்.டி. ஒருவர். எங்களிடம் ஒயர்லெஸ் செட் கிடையாது, செல்போன்தான். பத்தாயிரம் பேர் கூடும் இடத்தில் செல்போன் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். டவர் காட்டும், கால் போகாது. திருவிழாவில் மயங்கி விழுந்த ஒரு அம்மாவை எடுக்கப் போய், எந்த வழியாக உள்ளே வருவது என்று கேட்க பதினோரு தடவை டயல் செய்தேன்.

இன்னொரு கஷ்டம் பேச்சு. போலீஸ்காரர் மைக்கில் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டால் பாதி புரியாது. அவர்களுக்கென்று எண்களும் சுருக்கப் பெயர்களும் இருக்கின்றன. எங்களுக்கு வேறு. ஃபயருக்கு வேறு. செட்டை இணைத்துக் கொடுத்தாலும் மொழி இணையவில்லையே?


#11 மைக்_காது எழுதியது:

தம்பி, அருமையான கேள்வி. அமெரிக்காவிலும் இதே தொல்லைதான். அங்கே டென்-கோட் என்று எண் வைத்துப் பேசுவார்கள். ஒரே எண்ணுக்கு ஒரு ஊரில் ஒரு அர்த்தம், பக்கத்து ஊரில் வேறு. 2006 முதல், பல துறை சேரும் சம்பவத்தில் எண்ணை விட்டுவிட்டுச் சாதாரணப் பேச்சில்தான் பேச வேண்டும், இல்லாவிட்டால் மத்திய அரசு நிதி கிடைக்காது என்று விதி கொண்டுவந்தார்கள்.

நான் புதுசாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறேன். பட்டனை அழுத்து, ஒரு நொடி பொறு, அப்புறம் வாயைத் திற. இல்லாவிட்டால் முதல் எழுத்து போய்விடும். "வராதே" என்று நீ சொன்னது "ராதே" என்று போனால் யாருக்குப் புரியும்? முதலில் யாரைக் கூப்பிடுகிறாய் என்று சொல், பிறகு நீ யார் என்று சொல். கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி" என்று மட்டும் சொன்னால் நான் விடமாட்டேன். என்ன சரி என்று கேட்பேன்.


#12 ஏணிப்படி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு இப்போது தெளிவாகத் தெரிவது இதுதான். நான் அந்தக் கடைத்தெருவில் தப்பு செய்தேன். செட் பேசவில்லை என்று இத்தனை வருடம் செட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நானும் இன்ஸ்பெக்டரும் இறங்கியதுமே பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கலாம். அவரவர் செட்டை அவரவர் வைத்துக்கொண்டு, வாயால் பேசியிருக்கலாம். நான் ஏன் போகவில்லை? தீயை விட்டு நகரக் கூடாது என்று நினைத்தேன். அவர் கூட்டத்தை விட்டு நகரக் கூடாது என்று நினைத்திருப்பார். முன்னாலேயே பேசி வைத்திருந்தால் இரண்டு பேரும் ஒரு ஆளையாவது அனுப்பியிருப்போம்.

அதே செப்டம்பர் 11 அன்று வாஷிங்டன் பக்கத்தில் உள்ள அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனிலும் விமானம் மோதியது. ஆர்லிங்டன் கவுண்டி தீயணைப்புத் துறைதான் முன்னின்றது. அங்கேயும் ஒயர்லெஸ் முதலில் நெரிந்து தடுமாறியது. பல நேரம் செய்தியைக் கொண்டுபோகக் கால்நடையாக ஆள் அனுப்புவதே நம்பகமாக இருந்தது என்று அவர்கள் அறிக்கையே சொல்கிறது. இருந்தும் வேலை ஓரளவு ஒழுங்காக நடந்தது. அந்த வட்டாரத்துத் துறைகள் பல வருடமாகச் சேர்ந்து பயிற்சி செய்தவை, ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகியவர்கள், யார் தலைமை என்பதில் சண்டை இல்லை. 1982 ஜனவரி 13இல் பனிக்கு நடுவே ஒரு விமானம் அதே வாஷிங்டனின் பொட்டோமாக் ஆற்றில் விழுந்து 78 பேர் இறந்து, அதே பிற்பகல் மெட்ரோ ரயிலும் தடம் புரண்டபோது, அங்கே வந்த துறைகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் தவித்த ஊர் அது.

ஆகவே தேருக்கு நான் கேட்கப்போவது மூன்றே விஷயம். நிலையடியில் ஒரு மேசை. அதில் போலீஸ் செட்டோடு ஒருவர், ஃபயர் செட்டோடு ஒருவர், ஆம்புலன்ஸ் ஆள் ஒருவர், மூன்று பேரும் தேர் நிலைக்கு வரும்வரை எழுந்து போகக் கூடாது. மைக்_காது அம்மா சொன்னபடி, அந்த மேசை வழியாகப் போகிற செய்தி எல்லாம் சாதாரணத் தமிழில், திருப்பிச் சொல்லி. முந்தின வாரம் ஒரு நாள் ஒத்திகை.

குட்டி_ஆன்டெனா தம்பி, ஆம்புலன்சுக்குச் செட் இல்லையே, அதற்கு ஏதாவது வழி உண்டா?


#13 குட்டி_ஆன்டெனா எழுதியது:

ஐயா, லைசென்ஸ் உள்ள ஹாம் நண்பர்கள் இரண்டு பேரை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். ஒருவர் மேசையில், ஒருவர் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில். நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி மட்டும் வாங்கிவிடுங்கள். ரிப்பீட்டரை நம்ப வேண்டாம், செட்டிலிருந்து செட்டுக்கு நேராகவே பேசுவோம். நான்கு மாட வீதிக்கு அது தாராளமாகப் போதும். பேட்டரி இரண்டு இரண்டு எடுத்து வருகிறேன்.


#14 ஏணிப்படி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

நேற்று ஒத்திகை முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மேசை போட்டோம். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நான் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்: "வடக்கு வீதித் திருப்பத்தில் ஒருவர் மயங்கிவிட்டார், ஆம்புலன்ஸ் வேண்டும்." ஃபயர் பையன் சத்தமாகப் படித்தான். போலீஸ் தம்பி வழியை ஒதுக்கச் சொல்லி மைக்கில் சொன்னார். ஹாம் தம்பி ஆம்புலன்சுக்குச் சொன்னார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். எனக்கு ரொம்ப சந்தோஷம்.

ஆனால் ஆம்புலன்ஸ் வரவில்லை. போலீஸ் ஒரு இடத்தில் வழியை ஒதுக்கிக்கொண்டு நிற்கிறார்கள், ஆம்புலன்ஸ் இன்னொரு முனையில் நிற்கிறது. நடந்தே போய்ப் பார்த்தேன். போலீஸ் பந்தோபஸ்து வரைபடத்தில் அந்தத் திருப்பத்துக்கு "பாயின்ட் 7" என்று பெயர், "வடக்கு வீதித் திருப்பம்" என்றால் அவர்களுக்கு பாயின்ட் 5. எங்கள் ஃபயர் ஆட்களுக்கு அது "தண்ணீர்த்தொட்டி முனை". ஆம்புலன்ஸ் பைலட் வெளியூர்க்காரர், அவருக்குக் கூகுள் மேப்பில் வந்த ஒரு ஜவுளிக்கடைப் பெயர்தான் தெரியும். ஒரே இடத்துக்கு நான்கு பெயர். வடதுருவ_வாசி எழுதிய கோல்ஃப் மைதானம் எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது, அந்த இடத்திலேயே சிறிது நேரம் நின்றுவிட்டேன்.

அப்புறம் சாயங்காலம் மூன்று துறை ஆட்களும் சேர்ந்து நான்கு வீதியையும் நடந்தே சுற்றினோம். பதினெட்டு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே பெயர் முடிவு செய்து, எண் எழுதிய தகரப் பலகையை மின்கம்பத்தில் கட்டச் சொல்லியிருக்கிறேன், உயரத்தில், கூட்டத்தின் தலைக்கு மேல் தெரிகிற மாதிரி. அந்தப் பதினெட்டுப் பெயரும் ஒரே தாளில் அச்சடித்து மூன்று துறைக்கும் போகிறது. இன்று காலை போலீஸ் தம்பி போன் செய்து, 11ஆம் பலகைக்குப் பக்கத்தில் தேர் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் நிற்பார்கள், ஆம்புலன்ஸ் அந்த வழியாக வரக் கூடாது, 12 வழியாக வரட்டும் என்றார். நான் திருப்பிச் சொன்னேன். 11 இல்லை, 12.

வெள்ளிக்கிழமை மறுபடி ஒத்திகை. சைரன்_பைலட் தம்பி, நீங்கள் பக்கத்து மாவட்டம்தான் என்றால் வந்து பாருங்களேன்.